ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு எந்தப் பெல்லட்? ஒரு பேர் மட்டும் சொல்லுங்க

6 ஜனவரி 2024 — ஓசூர்லருந்து ஒரு தம்பி கேட்டது

அண்ணா, .177 (4.5 மி.மீ. துளை) ஸ்பிரிங் ஏர் கன் வாங்கி மூணு மாசம் ஆச்சு. மொட்டை மாடியில 10 மீட்டர், ஊர்ல தோட்டத்துல 20 மீட்டர், பேப்பர் மட்டும்தான் சுடுறேன். எந்தப் பெல்லட் ரொம்பத் துல்லியம்? சுத்தி வளைக்காம ஒரு பேர் மட்டும் சொல்லுங்க. கடைக்காரர் கூர்மூக்குதான் காத்தைக் கிழிச்சுட்டு நேராப் போகும்ங்கறார். நிஜமா?

7 ஜனவரி 2024

ஒரு பேர்தானே? ஜேஎஸ்பி எக்ஸாக்ட், எடை 8.44 கிரெய்ன், தலையோட விட்டம் 4.52 மி.மீ. முடிஞ்சுது.

கூர்மூக்குக் கதைக்கும் பதில் சொல்லிடறேன், கோயமுத்தூர்லயும் இதே பாட்டுத்தான் பாடறாங்க. நம்ம பெல்லட் ரைஃபிள் தோட்டா மாதிரி கெட்டியான உருளை இல்லை. நடுவுல இடுப்பு ஒடுங்கி, பின்னாடி குழிவா விரிஞ்சு, சின்ன உடுக்கை மாதிரி இருக்கும். எடையெல்லாம் முன்தலையில, பின்பக்கம் வெத்துக்கூடு. பறக்கறப்ப காத்து அந்தப் பின்கூட்டைப் பிடிச்சு இழுக்கறதால தலை முன்னாடியே நிக்குது, இறகுப்பந்து எப்படித் திரும்பி நிமிருதோ அப்படி. பேரல் உள்ளே சுருளா வெட்டின வரி குடுக்கற சுழற்சி அதுக்கு மேல ஒரு கைகொடுப்பு. நம்ம துப்பாக்கி வேகத்துக்குக் கூர்மூக்கு கிழிச்சுச் சாதிக்க ஒண்ணும் இல்லை. அந்தக் கூர் மட்டும் நட்டநடுவுல இல்லாம மயிரிழை ஒதுங்கிட்டா தலையோட எடை ஒரு பக்கம் சாஞ்சு, சுழலச் சுழல விலகும். டப்பாவுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரசி நுனி மழுங்கறது வேற.

10 மீட்டருக்குத் தட்டைத்தலை, அதுக்கு மேல உருண்டைத்தலை. தட்டைத்தலை பேப்பர்ல பஞ்ச் வெச்சு அடிச்ச மாதிரி சுத்தமா ஓட்டை போடும், புள்ளி எண்ண லேசு. போட்டிக்காரங்க அதை வெச்சுக்கறது அதனாலதான்.

9 ஜனவரி 2024

மேல சொன்னதை ஒரு தடவை சுட்டுக் காட்டிடலாம்னு அலமாரியைத் திறந்தேன். 8.44 டப்பா சீல் கூட உடைக்கலை. வாங்கி ஒண்ணரை வருஷம் ஆகுது. அப்ப நான் எந்த தைரியத்துல சொன்னேன்னா, யாரோ வெளிநாட்டுக்காரர் வீடியோவுல சொன்னதை என் அனுபவமாவே நினைச்சுட்டு இருந்திருக்கேன். பொங்கல் லீவுல மாமனார் தோப்புக்குப் போறோம். ஏழு டப்பாவையும் எடுத்துட்டுப் போறேன். பொறுங்க தம்பி.

18 ஜனவரி 2024

கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்பு. காலையில எட்டு மணிக்குக் காத்தே இல்லை. 20 மீட்டரை டேப் வெச்சு அளந்து, பின்னாடி மணல் நிரப்பின அரிசி மூட்டை, அதுக்குப் பின்னாடி கிணத்து மேட்டு மண்சுவர். துப்பாக்கி அப்பாவோடது: ஜெர்மன் டயானா 35 அச்சைப் பார்த்து நம்ம நாட்டுல செஞ்ச பழைய பிரேக் பேரல், அதாவது பேரலை மடிச்சு ஸ்பிரிங்கை ஏத்தறது. ஸ்பிரிங்கும் வாஷரும் நான் மாத்தினது. மேல நாலு மடங்கு காட்டற ஸ்கோப்.

எனக்கு லேத் பட்டறை. கை நடுங்கினா வேலை கெட்டுப் போகும்ங்கறது ரத்தத்துல ஊறினது. அதனால கையே வேண்டாம்னு பட்டறை வைஸைக் கழட்டிட்டுப் போய் தோப்பு மேஜையில போல்ட் போட்டு முடுக்கி, துப்பாக்கியை ரப்பர் சுத்திக் கடிச்சுப் பிடிச்சேன். மனுஷத் தப்பு பூஜ்யம், மிச்சம் பெல்லட்டோட தப்பு மட்டும்தான்னு கணக்கு. மச்சான் பார்த்துட்டு, "மாமா, இது துப்பாக்கியா, ஆபரேஷன் டேபிளா?"ன்னார்.

ஒவ்வொண்ணுலயும் அஞ்சு குண்டு. அந்த ஓட்டைங்க கூட்டத்துக்குக் குரூப்னு பேர். அதுல ரொம்பத் தள்ளி இருக்கற ரெண்டு ஓட்டைக்கு நடுவுல மையத்துக்கு மையம் அளந்தது:

உள்ளூர்க் கூர்மூக்கு 61 மி.மீ. உள்ளூர்த் தட்டைத்தலை 38. ஆர்டபிள்யூஎஸ் ஹாபி (தட்டை, 7.0 கிரெய்ன்) 33. ஜேஎஸ்பி எக்ஸாக்ட் ஆர்எஸ் (7.33) 35. ஆர்டபிள்யூஎஸ் சூப்பர்டோம் (8.3) 19. நான் பெருமையாச் சொன்ன எக்ஸாக்ட் 8.44 வந்து 41. எச் அண்ட் என் பாராகுடா (10.65) 52.

ஆகவே 8.44 வாபஸ். சூப்பர்டோம் வாங்குங்க தம்பி. இது சுட்டுப் பார்த்துச் சொல்றது.

ஒரு விஷயம் குறிச்சுக்குங்க. பாராகுடா மத்ததை விட அஞ்சு செ.மீ. கீழே விழுந்துது. அது தப்பில்லை, கனம் ஜாஸ்தி, மெதுவாப் போகுது, போற நேரத்துல கூடக் கொஞ்சம் விழுது. ஸ்கோப்பைத் திருகினாச் சரியாப் போயிடும். ஓட்டைங்க ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு நெருக்கம்னு மட்டும் பாருங்க. நடுப்புள்ளியில படலைன்னு நல்ல பெல்லட்டைத் தூக்கி எறிஞ்சவங்க நிறையப் பேர். நானே ஒரு டப்பா எறிஞ்சிருக்கேன்.

19 ஜனவரி 2024

கேட்டவங்களுக்கு: ஆமா, ஒவ்வொண்ணும் அஞ்சுதான். ஆமா, ஒரே ஒரு குரூப்தான். எதுக்குச் சிரிக்கறீங்க?

27 ஜனவரி 2024

சிரிச்சது சரிதான்.

நேத்து குடியரசு தினம், பட்டறை லீவு. துப்பாக்கியைத் துடைக்கலாம்னு எடுத்தேன். துப்பாக்கியைத் தாங்கற கட்டையில முன்பக்கம் ரெண்டு பக்கமும் இருக்கற ஸ்குரூவுல இடதுபக்கத்தது அரைச்சுத்து லூஸ். டிரிகர் கார்டு ஸ்குரூ கையாலயே திரும்புது. அதாவது பொங்கலுக்கு நான் அளந்தது பெல்லட்டை இல்லை, கட்டை எத்தனை தினுசா ஆடும்ங்கறதை. வேலைக்கு வர்ற பையன்களை "சக்கை முடுக்கினியா, டூல் போஸ்ட்டை முடுக்கினியா"ன்னு இருபது வருஷமாத் திட்டிட்டு இருக்கறவன் நான்.

ஸ்பிரிங் துப்பாக்கியில இது சகஜம்னு சமாதானம் சொல்லிக்கறேன். டிரிகர் விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னாடி எத்துது. அந்த எதிர்விசையில துப்பாக்கி பின்னாடி வருது. பிஸ்டன் கடைசியில அமுங்கின காத்து மெத்தையில முட்டி நிக்கறப்ப துப்பாக்கி முன்னாடி எகிறுது. போக ஒரு உதை, வர ஒரு உதை. எந்த ஸ்குரூவும் இதுக்குத் தாங்காது. பெரிய ரைஃபிளுக்குச் செஞ்ச ஸ்கோப்புங்க இந்த முன்னுதையிலதான் உள்ளே கண்ணாடி கழண்டு சாகுது, அதுங்க பின்னுதைக்கு மட்டும் செஞ்சது.

இன்னொண்ணும் இதுலயே புரிஞ்சுது. பெல்லட் கிளம்பறதே பிஸ்டன் ஓட்டம் முடியப் போற நேரத்துல. துப்பாக்கி ஏற்கெனவே அசைஞ்சுட்டு இருக்கறப்பதான் குண்டு பேரலுக்குள்ள ஓடுது. அப்ப வைஸ்ல கடிச்சுப் பிடிச்சா என்ன ஆகும்? உதைக்க வழியில்லாம அந்த அதிர்வு மேஜை, போல்ட், ரப்பர்னு எங்கயோ போய் முட்டித் திரும்பும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. உதை இல்லாத போட்டித் துப்பாக்கிகளைத்தான் அப்படிக் கடிச்சுப் பிடிச்சு பெல்லட் சோதிப்பாங்க. அழுத்தக் காத்துல ஓடறது, ஸ்பிரிங் கிடையாது. நம்ம கடலூர்ல பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடறதும் அந்த ஜாதிதான். அந்த வித்தையை என் பழைய ஸ்பிரிங்குக்குக் கொண்டுவந்தது என் புத்தி.

சூப்பர்டோம் வாங்கிட்டீங்களா தம்பி? வாங்கலைன்னா பொறுங்க.

4 பிப்ரவரி 2024

வாங்கிட்டாராம். மன்னிச்சுக்குங்க. கெட்ட பெல்லட் இல்லை அது, வீணாகாது.

இப்பப் பிடிக்கிற விதம். இடது உள்ளங்கையை விரிச்சு, மணல் பை மேல வெச்சு, அது மேல துப்பாக்கிக் கட்டையைச் சும்மா படுக்க வைக்கணும். விரலால இறுக்கக் கூடாது. தோள்ல ஒட்டினா மாதிரி, அமுக்கின மாதிரி இல்லை. கன்னமும் அப்படித்தான். துப்பாக்கி தன் இஷ்டத்துக்கு உதைச்சுக்கட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதைச்சாப் போதும். உள்ளங்கை இருக்கற இடம் ரெண்டு விரக்கடை முன்னே பின்னே ஆனாக் கூட குரூப் மாறும். என்னுதுக்கு டிரிகர் கார்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. கல்யாண வீட்டுல தூங்கற குழந்தையை வாங்கி வெச்சுக்கிற மாதிரின்னு வீட்டம்மா சொன்னாங்க. அவங்க சுட்ட மொத அஞ்சு குண்டும் என்னை விட நெருக்கமா விழுந்துதுங்கறதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இதுல ஒரு பழைய பாக்கி தீர்ந்துது. சின்ன வயசுல மெரினாவுல பலூன் சுடற கடை. அப்பா பத்துக் குண்டுக்குக் காசு குடுப்பார். நான் பல்லைக் கடிச்சு, துப்பாக்கியை முறிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிப்பேன், ஒரு பலூன் வெடிச்சாப் பெருசு. கடைக்காரர் ஒத்தைக் கையில சும்மா ஏந்தின மாதிரி வெச்சுட்டு, பேச்சு நிறுத்தாம வரிசையா வெடிப்பார். முன்குறி வளைஞ்ச துப்பாக்கி, எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு அவருக்குத்தானே தெரியும்னு இத்தனை வருஷமாச் சொல்லிட்டு இருந்தேன். வளைஞ்சிருந்தது நிஜம்தான். அவர் இறுக்கிப் பிடிக்கலைங்கறதும் நிஜம்.

அந்தக் கடைக்காரர் பெல்லட்டை வாயில ஒதுக்கி வெச்சு ஒண்ணொண்ணா எடுப்பார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செஞ்சேன். அது ஈயம். செய்யாதீங்க. சுட்டு முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் பன் பட்டர் ஜாம்.

11 பிப்ரவரி 2024

மறுபடி தோப்பு. ஸ்குரூ எல்லாத்துக்கும் நீலக் கலர் லாக்டைட் (லூஸாகாம இருக்கப் போடற பசை) ஒரு சொட்டு. வைஸ் பட்டறையிலேயே இருக்கு. இந்தத் தடவை:

பெல்லட் மாத்தறப்பல்லாம் மொதல்ல பதினஞ்சு குண்டு கணக்குல சேராம மணலுக்குள்ள. பேரல் உள்வரியில முந்தின பெல்லட்டோட ஈயம் மெல்லிசாப் பூசியிருக்கும். புதுசு அதுல உட்கார்ந்து பழகக் கொஞ்சம் நேரம் எடுக்குது. பொங்கலன்னிக்கு நான் இதைச் செய்யலை. சூப்பர்டோம் ஜெயிச்சதுல அதுக்குப் பங்கு இருக்கோ என்னமோ, சுட்ட வரிசையில (மேல எழுதினது வேற வரிசை) அதுக்கு முந்தினதும் அதே கம்பெனி ஹாபிதான்.

அஞ்சு இல்லை, பத்து குண்டு. அதுவும் ரெண்டு குரூப், வரிசையைத் தலைகீழா மாத்தி. அஞ்சு குண்டுக் குரூப்பை அப்படியே பத்துக்கு நீட்டினா சராசரியாக் கால் பங்கு பெருசாகும், அது கணக்கு. யாரும் கெட்டாச் சுடலை. ஏழு டப்பாவுல ஆளுக்கு ஒரு அஞ்சு குண்டு சுட்டா, ஏழுமே ஒரே தரமா இருந்தாலும் ஏதோ ஒண்ணு சின்னக் குரூப் போட்டுத்தான் தீரும். அதுக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டேன் நான்.

20 மீட்டர், மி.மீ.யில: ஆர்எஸ் 7.33 முதல்ல 21, அப்புறம் 23. ஹாபி 24, 29. சூப்பர்டோம் 27, 34. எக்ஸாக்ட் 8.44 வந்து 33, 31. உள்ளூர்த் தட்டை 36, 48. பாராகுடா 44, ரெண்டாவது குரூப் சுட மனசு வரலை. கூர்மூக்கைத் திறக்கவே இல்லை. 10 மீட்டர்ல ஹாபி 9 மி.மீ., பத்து குண்டுக்கு. என் துப்பாக்கி வரலாற்றுலயே இது சாதனை. போட்டி அட்டையில பத்துப் புள்ளிங்கறது அரை மி.மீ. பொட்டு, ஒம்பதாம் வளையமே 5.5 மி.மீ.தான்னு ஞாபகம் வந்ததும் அடங்கிட்டேன்.

சரி, 8.44 ஏன் இங்கே எடுபடலை? சிநேகிதர் ஒருத்தர் வேகம் அளக்கற கருவி குடுத்தார். ஆர்எஸ் நொடிக்கு 185 மீட்டர், கணக்குப் போட்டா 8.1 ஜூல். 8.44 வந்து 168 மீட்டர், 7.7 ஜூல். பாராகுடா 135, வெறும் 6.3. கனம் ஏற ஏற என் துப்பாக்கிக்கு மூச்சு வாங்குது. கனமான பெல்லட் நகரத் தாமதமாகறப்ப பிஸ்டன் காத்து மெத்தையில முட்டித் திரும்பித் துள்ளுது, சக்தி அதுலயே போயிடுது. ரொம்ப லேசாவோ லூஸாவோ இருந்தா எதிர்க்கோளாறு: அழுத்தம் சேர்றதுக்குள்ள பெல்லட் கிளம்பிடும், பிஸ்டன் நேராச் சுவத்துல போய் மோதும். வெறும் துப்பாக்கி சுடக்கூடாதுங்கறது இதுக்குத்தான்.

நான் வீடியோவுல பார்த்தவங்க இங்கிலாந்துக்காரங்க. அங்கே உரிமம் இல்லாம வெச்சுக்கற உச்சம் 12 அடி-பவுண்டு, 16 ஜூலுக்குக் கொஞ்சம் மேல. அவங்க துப்பாக்கியை அந்தக் கோட்டை ஒட்டித்தான் வெச்சிருப்பாங்க. என்னுதைப் போல ரெண்டு மடங்கு. டிரக்குக்குப் போடற டயரை டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு சிபாரிசு பண்ணியிருக்கேன்.

12 பிப்ரவரி 2024

சுருக்கமாக் கேட்ட தம்பிக்கு: இன்னிக்கு நிலவரம் ஆர்எஸ் 7.33. நாளைக்கு வந்து கேக்காதீங்க.

25 பிப்ரவரி 2024

இது சும்மா வேலையத்த வேலை. பிடிக்காதவங்க தாண்டிப் போங்க.

மைக்ரோமீட்டர் இருக்கே, தலை அளவை அளந்துடலாம்னு உட்கார்ந்தேன். ஒரே பெல்லட், அஞ்சு தடவை, 4.49 முதல் 4.53 வரைக்கும் ரீடிங். ராட்செட் மெதுவாத் திருப்பினாலும் ஈயம் நசுங்குது. அஞ்சாவது தடவை நான் அளந்தது நானே செஞ்ச அளவை. சரின்னு பித்தளைத் தகட்டுல ரீமர் போட்டு 4.50, 4.51, 4.52-ன்னு மூணு ஓட்டை வெச்சு ஒரு கேஜ் செய்யலாம்னு பார்த்தேன். நூத்துல ஒரு மில்லிமீட்டர் விளையாட்டு. மூணு தகடு குப்பைக்குப் போச்சு, நாலாவது தேறுச்சு. தலையைப் போட்டா எதுல நிக்குது, எதுல நழுவுதுன்னு தெரியுது. பட்டறைப் பையன் இதைப் பார்த்துட்டு, பின்பக்கத்துக்கு என்ன பேருன்னு கேட்டான். இங்கிலீஷ்ல ஸ்கர்ட்னு சொல்றாங்கன்னேன். அன்னியிலருந்து பட்டறையில அதுக்குப் பாவாடைன்னே பேர் நிலைச்சுடுச்சு. "அண்ணா, இதுக்குப் பாவாடை கிழிஞ்சிருக்கு"ன்னு கஸ்டமர் முன்னாடி சத்தம் போடறான்.

எடை: செல்வபுரத்துல தங்கப் பட்டறை வெச்சிருக்கற சிநேகிதர் தராசு. மில்லிகிராம் வரைக்கும் காட்டும். ஆர்எஸ் 475 மில்லிகிராம் இருக்கணும். ஐம்பது நிறுத்தேன், 468 முதல் 481 வரை. உள்ளூர்த் தட்டை ஒரே டப்பாவுக்குள்ள முப்பது மில்லிகிராம் ஆடுது. தங்கமா இருந்தா இந்நேரம் போலீஸ் வந்திருக்கும்னார். ஆர்எஸ்ஸை எடைவாரியாப் பிரிச்சு 20 மீட்டர்ல சுட்டேன். பிரிக்காததுக்கும் பிரிச்சதுக்கும் வித்தியாசமே தெரியலை. ரெண்டு மணி நேரம் தண்டம்.

ஆனா ஒண்ணு உருப்படியா வந்துது. சர்ஃபேஸ் பிளேட்டை (பட்டறையில அளவு பார்க்கற சமதளத் தட்டு) துளி சாய்ச்சு வெச்சு பெல்லட்டை உருட்டிப் பார்த்தேன். நல்லது வளைவா, அமைதியா உருளும். பாவாடை நசுங்கினது நொண்டும். கூரியர்ல அடிபட்டு வந்த டப்பாவுல நூத்துக்கு ஏழெட்டு நொண்டி. அதை ஒதுக்கிட்டுச் சுட்டா, ஒம்பது ஒரே இடத்துல விழுந்து பத்தாவது மட்டும் ஊருக்கு வெளியே போற வியாதி பாதிக்கு மேல போயிடுச்சு. தராசும் மைக்ரோமீட்டரும் வேண்டாம், வீட்டுல மொசைக் தரையோ கண்ணாடித் துண்டோ போதும்.

10 மார்ச் 2024

ஆர்எஸ் தீர்ற மாதிரி இருந்துது, ரெண்டாவது டப்பா வாங்கினேன். அதே பேர், அதே படம், அதே எடை. 20 மீட்டர்ல 34, 37. ஸ்குரூ பார்த்தேன், டைட். பிடி பார்த்தேன். ஸ்கோப் மவுண்ட் பார்த்தேன். வீட்டம்மாவைக் கூப்பிட்டுச் சுடச் சொன்னேன், அவங்களுக்கும் 31. அப்ப நான் இல்லை, சந்தோஷம்.

கடைசியில டப்பாவைக் கவுத்துப் பார்த்தா ஸ்டிக்கர்ல 4.51. பழசு 4.52. என் பித்தளைக் கேஜும் அதையேதான் சொல்லுது, அதுக்கு ஒரு சபாஷ். பேரலை மடிச்சுப் புதுசைப் போட்டா விரல் அழுத்தமே இல்லாம உள்ளே போகுது. பேரலைத் தூக்கினா ஒண்ணு ரெண்டு வெளியே வந்து விழுது. பழசு "டக்"னு ஒரு பிடிப்போட உட்காரும். பழைய பேரல், எத்தனையோ ஆயிரம் குண்டு போனது, வாயில கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. பால்பாயின்ட் பேனா மூடியால பாவாடையைத் துளி விரிச்சு விட்டுப் பார்த்தேன். காத்து அடைச்சுது, வேகம் கூட மூணு மீட்டர் ஏறுச்சு. குரூப் மட்டும் அப்படியே. தலை வரியில சவாரி செய்யணும், பாவாடை விரிஞ்சு என்ன பிரயோஜனம்.

ஆக ஜனவரி 7 அன்னிக்குச் சொன்னதுல ஒண்ணு மட்டும் தேறுது: 4.52. பேர் தப்பு, எடை தப்பு, அளவு சரி. அதுவும் என் பேரலுக்கு.

கடைக்காரர் கிட்ட மாத்திக் குடுப்பீங்களான்னு கேட்டேன். திறந்த டப்பா எடுத்துக்க மாட்டாராம். ஸ்டிக்கரைப் படிக்காதது நான்.

17 மார்ச் 2024

தம்பி அடுத்த வாரம் கார்ல துப்பாக்கியோட கோயமுத்தூர் வர்றேங்கறார். வேண்டாம் சாமி. நேத்துத் தேர்தல் தேதி அறிவிச்சாச்சு, ஏப்ரல் 19 ஓட்டு. ரோடெல்லாம் பறக்கும் படை டிக்கியைத் திறக்கச் சொல்லும். உரிமத் துப்பாக்கிக்காரங்க ஸ்டேஷன்ல ஒப்படைக்க வரிசையில நிக்கறாங்க. .177-க்கு மேல போகாம, 20 ஜூல் தாண்டாம இருந்தா நமக்கு உரிமம் தேவையில்லைன்னு 2016 ஆயுத விதிகள் சொல்லுது. அதை நீங்க கிருஷ்ணகிரி டோல்கேட்ல வெயில்ல நின்னு ஒரு அதிகாரிக்கு விளக்கிட்டு இருக்க வேண்டாம்.

துப்பாக்கி வரலைன்னா பெல்லட் போகட்டும். வீட்டம்மாவோட மாத்திரை டப்பா ஒண்ணு கிடைச்சுது, திங்கள் செவ்வாய்னு ஏழு அறை. ஏழு பெல்லட், அறைக்கு நாப்பது. எண்ணிப் போட்டு ஓசூர் போற பையன் கிட்டக் குடுத்து விடறேன். மேல "மாத்திரை அல்ல"ன்னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதியாச்சு.

இன்னொருத்தர் மயில் விரட்ட எந்தப் பெல்லட்னு கேட்டிருக்கார். தக்காளியும் நிலக்கடலையும் போட்டவங்க வேதனை எனக்கும் தெரியும், மாமனார் தோட்டத்துலயும் அதே கதை. பதில்: எதுவும் இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்துல மொத அட்டவணையில இருக்கற பறவை, ஒரு குண்டுக்கு ஜெயில். இங்கே அதைப் பத்திப் பேச்சு வேண்டாம்.

28 ஏப்ரல் 2024

ஓசூர் முடிவு வந்தாச்சு. தம்பி ஒழுங்கான ஆள், பத்துப் பத்தா சுட்டு, பேப்பரெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார், ஸ்குரூ முடுக்கினதுக்கும் தனி போட்டோ. அவருது புது மாடல், வேகம் அளக்கற கருவியையும் கூரியர்ல அனுப்பியிருந்தேன்: 8.44-ஐ நொடிக்கு 230 மீட்டர்ல தள்ளுது, 14 ஜூலுக்கு மேல.

அவர் 20 மீட்டர் கணக்கு: ஆர்எஸ் 7.33 வந்து 29. ஹாபி 38, லேசானது, அவர் துப்பாக்கியில "டமார்"னு சத்தமும் கூட. சூப்பர்டோம் 24, வாங்கின டப்பா வீணாகலை. பாராகுடா 26, எதிர்பார்க்கவே இல்லை. எக்ஸாக்ட் 8.44, தலை 4.52: 17, 18.

10 மீட்டர்ல மொத இடம் உள்ளூர்த் தட்டைத்தலைக்கு. என் கிட்ட 48 போட்ட அதே டப்பா. நொண்டிகளை உருட்டி ஒதுக்கிட்டு, 8 மி.மீ. விலையில கால் பங்கு. இதுக்கு எனக்கு விளக்கம் கிடையாது, பொறாமை மட்டும் இருக்கு.

கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஜனவரி 7-லயே ஒரே வார்த்தையில சரியாச் சொல்லிட்டீங்களே அண்ணா, நடுவுல எதுக்கு இவ்வளவு?"

சீல் உடைக்காத டப்பாவைப் பார்த்துச் சொன்னதுன்னு மேலேயே இருக்கு. அவர் அதைத் திரும்பப் படிச்சுப் பார்க்க மாட்டார்னு நம்பறேன்.

5 மே 2024

என் 8.44 டப்பாவும் அந்த 4.51 ஆர்எஸ்ஸும் நாளைக்கு ஓசூர் பஸ்ல போகுது. பதிலுக்கு அவர் கிட்ட இருக்கற ஹாபியை அனுப்பறார். பழைய 4.52 ஆர்எஸ்ல மிச்சம் நூத்திப் பதிமூணு. உருட்டிப் பார்த்துட்டேன், நாலு நொண்டி. அதை ஸ்கோப் திருகறதுக்கு வெச்சிருக்கேன். வீட்டம்மா நேத்து என்னைக் கேக்காம அந்தப் பழைய ஆர்எஸ்ல பத்து எடுத்துச் சுட்டிருக்காங்க. பேப்பரை ஃபிரிட்ஜ் மேல காந்தம் போட்டு ஒட்டியிருக்கு. அளந்தேன், 19.